கிளிமீனின் பாவக்கணக்கு

கம்பம் மார்க்கெட்டுக்குக் கடல்மீன் ராமேஸ்வரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஐஸ் பெட்டியில் வரும். வைகை அணைக் கட்லாவும் ஜிலேபியும் ஒரு பக்கம் கிடக்க, சாளை, நெத்திலி, சங்கரா, பாறை என்று கடல் சரக்கு இன்னொரு பக்கம் குவிந்திருக்கும். எப்போதாவது அதற்குள் ஒரு கிளிமீன் வந்துவிடும். நீலமும் பச்சையும் கலந்த உடம்பு, ரூபாய்க் காசு அகலச் செதில். நம் பக்கத்தில் அதை ருசி பார்த்தவர் குறைவு என்பதால் விலை இறங்கித்தான் போகும். அப்படி ஒன்றை வாங்கி வந்து உத்தமபாளையத்து வீட்டுப் பின்கட்டில் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார்.

அண்ணன் சன்மார்க்கக்காரர். கறி மீனை எப்போதோ விட்டுவிட்டார். காமயகவுண்டன்பட்டியில் பன்னீர்த் திராட்சை போட்டிருக்கிறார். மீன் வாசனை அடிக்கும் நாளில் வாசலோடு திரும்பிவிடுகிறவர், அன்றைக்கு ஏனோ துண்டால் மூக்கை மூடிக்கொண்டு எட்டி நின்று பார்த்தார். குடலைக் கீறினேன். குஞ்சு மீனோ இறால் தலையோ ஒன்றும் இல்லை. வெள்ளையாய் ஈர மணல் வந்து விழுந்தது. விரலில் வைத்துத் தேய்த்தால் நறநறத்தது.

"இது கல்லைத் தின்னு வாழுற மீனா பாப்பா? அப்ப இது நம்மளவிடச் சைவமுல்ல" என்றார்.

"கல்லு இல்லண்ணே. பவளம். அதுவும் உயிருதான்."

"அப்ப அதைத் தின்னா இதுக்குப் பாவம் உண்டா, இல்லையா?"

பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தேன். ஆனால் கேள்வி போகவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நான் படித்ததையும் யோசித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மீனுக்கு நியாயம் செய்துவிட வேண்டும். கிளிமீனின் பற்கள் தனித்தனியாக இருக்காது. ஒன்றோடொன்று ஒட்டி, மேலும் கீழும் அலகாகவே ஆகிவிட்டிருக்கும். கடித்தது தொண்டைக்குப் போனால் அங்கே இன்னொரு செட் பல், எலும்புத் தகட்டில் வரிசையாகப் பதிந்தபடி காத்திருக்கிறது. அரைக்கிற வேலை முழுவதும் அங்கேதான். இரைப்பை என்ற ஒன்று இந்த மீனுக்குக் கிடையாது. அரைபட்டது நேரே குடலுக்குப் போய், சத்து நின்று, சுண்ணாம்பு மணலாக வெளியே வருகிறது. மாலத்தீவில் வக்காரு என்ற தீவைச் சுற்றிப் புதிதாக உண்டாகும் மணலில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் கிளிமீன் கழித்ததுதான் என்று 2015-இல் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். தேன்நிலவுக்குப் போகிறவர்கள் காலாற நடக்கிற கரை அது.

அதோடு, பெரும்பாலான கிளிமீன்கள் உயிருள்ள பவளத்தைக் குறிவைப்பதே இல்லை. செத்த பவளத்தின் மேல் படரும் பாசியையும், அதனடியில் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் நுண்ணுயிர்களையும்தான் சுரண்டுகின்றன. அந்த அளவில் அண்ணன் சொன்னது பாதி சரி. உயிர்ப் பவளத்தில் வாய் வைப்பவை சில இனங்களே. அவற்றில் பெரியது நெற்றி புடைத்த ஒரு கிளிமீன். அதன் தீனியில் ஏறக்குறையப் பாதி உயிர்ப் பவளம். ஒரே ஒரு மீன் வருஷத்துக்கு ஐந்து டன்னுக்கும் மேல் பவளப்பாறையை உள்ளே தள்ளுகிறது.

அப்பாவின் திதிக்கு ராமேஸ்வரம் போனோம். தை, ஆடி அமாவாசைக்குச் சுருளியில் முழுக்குப் போடுவது எங்கள் பள்ளத்தாக்கின் வழக்கம். முடிகிறவர்கள் அக்கினி தீர்த்தம்வரை போவார்கள். திதி முடிந்தபிறகு கண்ணாடி பதித்த படகில் ஏறினோம். அண்ணனும் வந்தார். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருந்த இருபத்தொரு தீவுகளை 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே மீனவர்கள் பவளப்பாறையை 'பார்' என்பார்கள், பவளக்கல்லை 'முருகைக்கல்' என்பார்கள். தண்ணீர் கொஞ்சம் கலங்கல்தான். ஆனால் ஓர் உருண்டைப் பவளத்தின் மேல் நாங்கள் நின்றபோது தெளிவாகத் தெரிந்தது: மஞ்சள் கலந்த பழுப்பு மேனியில் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டல், ஒவ்வொன்றும் இரட்டைக் கோடாக. மேலலகு ஒன்று, கீழலகு ஒன்று. படகோட்டித் தம்பி, "கிளி மேஞ்ச தடம்மா அது" என்றார். அண்ணன் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பழுப்பு மேனி என்ன என்பதில்தான் எல்லாச் சிக்கலும். பவளம் என்பது ஆயிரக்கணக்கான சிறு பிராணிகள் சேர்ந்து வாழும் குடியிருப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்விரல்கள், ஒரு வயிறு. ராத்திரியில் விரல்களை விரித்து மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும். அந்த விலங்கின் தசைக்குள்ளே ஓரணுப் பாசி குடியிருந்து வெயிலைச் சமைத்துப் போடுகிறது. பவளத்தின் ஜீவனத்தில் பெரும்பங்கு அதுதான். அடியில் இருப்பது அவை தாமே சுரந்து கட்டிய சுண்ணாம்புக் கல். ஆக, கைக்குள் அடங்கும் ஒரு துண்டில் விலங்கும் பாசியும் கல்லும் ஒன்றாக இருக்கின்றன. ஐரோப்பாவில் இதை விலங்கு என்று 1720-களில் பெய்சோனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதியபோது பாரிஸ் அறிஞர்கள் நம்பவில்லை. பூ என்றே சாதித்தார்கள்.

நம் ஊர்க் கணக்கில் இதை எங்கே வைப்பது? தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவில் வைக்கிறது, நத்தையையும் சிப்பியையும் ஈரறிவில், கரையானையும் எறும்பையும் மூவறிவில். தொடுவதையும் சுவைப்பதையும் அறியும் பவளப் பிராணியை நான் சிப்பியோடு உட்காரவைப்பேன். சமணர் வேறு மாதிரி வைத்தார்கள். சுவேதாம்பரர் போற்றும் உத்தராத்யயன சூத்திரத்தின் கடைசி அத்தியாயம் உயிர்களை வகைவகையாக அடுக்கும்போது பவளத்தை மண்ணுடம்பு கொண்ட உயிர்களோடு, தாதுக்களுக்கும் மணிகளுக்கும் நடுவே சேர்க்கிறது. அவர்கள் மனதில் இருந்தது நகையில் பதிக்கும் செம்பவளமாகத்தான் இருக்கும். அது மன்னார் வளைகுடாவில் விளைவதில்லை, மத்தியதரைக் கடல் சரக்கு. விலங்கியல்படி அவர்கள் வைத்த இடமும் தப்பு. ஆனாலும் மற்றவர்கள் அதை விலைபேசிக்கொண்டிருந்த காலத்தில், இதற்கும் தொட்டால் தெரியும் என்று எழுதிவைத்தவர்கள் அவர்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்தச் சமணர்கள் எங்களுக்குத் தூரத்து ஆட்களும் இல்லை. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி பாறை என்று நாங்கள் சொல்லும் இடத்தில் தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வேலை. அடியில் வட்டெழுத்து; அச்சணந்தி என்ற முனிவரின் பெயரும் அங்கே உண்டு. பார்சுவநாதர் தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருக்கும். புல்லை மிதிக்கவும் யோசித்தவர்களின் உருவங்கள், கிடா கேட்கும் சாமியின் பெயரில் உள்ள பாறையில் நிற்கின்றன. யாருக்கும் அது முரணாகத் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். சின்ன வயதில் அங்கே புளியங்காய் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்போம்.

அண்ணனின் வாதம் வள்ளலாரிடமிருந்து வருகிறது. 1867-இல் வடலூரில் தருமச்சாலை திறந்து அணையா அடுப்பு மூட்டியவர், ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் ஒரு ஆட்சேபணையை எடுத்துப் பதில் சொல்கிறார். மரம் செடியும் உயிர்தானே, அதைத் தின்பது மட்டும் எப்படித் தகும் என்பது ஆட்சேபணை. விதை, காய், கனி, இலை இவற்றைக் கொள்வது நகத்தையும் ரோமத்தையும் களைவதைப் போலத்தான், அதில் உயிர் பிரிவதில்லை என்ற போக்கில் பதில் போகிறது. அண்ணன் இதை எடுத்துப் பவளத்தின் மேல் வைத்தார். "மீன் நாலு இடத்துல சுரண்டுது. மிச்சம் உயிரோட நிக்குது. திரும்பவும் வளருது. நகத்தை வெட்டுன மாதிரிதானே?"

நல்ல கேள்வி. ஆனால் மீன் கடித்துப் போகும் ஒவ்வொரு புள்ளியிலும் வாயும் வயிறும் உள்ள முழுப் பிராணி ஒன்று இருந்தது. நகத்துக்கு வயிறு கிடையாது. அதே சமயம் அந்தப் பிராணி தனி ஆளும் இல்லை. பக்கத்துப் பிராணிகள் அதன் அச்சு அசல், ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. எல்லாவற்றையும் ஒரே தசை இணைக்கிறது, ஒன்று தின்றது அடுத்ததற்கும் போய்ச் சேருகிறது. ஒன்று செத்தால் யார் செத்தது? சமணர்கள் இந்த மாதிரி ஒன்றை யோசித்து வைத்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கும் வெங்காயமும் அவர்கள் தொடாததற்குக் காரணம், அந்த ஓர் உடம்பில் எண்ணிறந்த உயிர்கள் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்தே மூச்சுவிட்டு, சேர்ந்தே உண்கின்றன என்ற நம்பிக்கை. கிழங்கில் அது இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பவளத்தில் அது அப்படியே இருக்கிறது. எண்ண முடியாத இடத்தில் எண்ணிக்கையாகப் பாவத்தைச் சொல்ல முடியாது என்பது இங்கேதான் எனக்கு உறைத்தது.

அண்ணன் விடவில்லை, கவாத்துக்கு வந்தார். எங்கள் பள்ளத்தாக்கில் வருஷம் பூராவும் திராட்சை கிடைப்பதே ஆளுக்கொரு நேரத்தில் கவாத்து பண்ணுவதால்தான். வெட்டினால்தான் கொடி துளிர்க்கும், துளிர்த்தால்தான் பூ. "அந்த மாதிரி மீன் கவாத்து பண்ணுதுன்னு வச்சுக்க." வைத்துக்கொள்ள முடியவில்லை. எந்தக் கண்ணுக்கு மேலே கத்தரியை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வெட்டுவதும் அவருடைய பழத்துக்காக. கடிபட்ட பவளத்துக்குக் காய்ப்புக் கூடுவதில்லை. காயத்தை ஆற்றுவதில் செலவாகும் சக்தி, வளர்ச்சியிலும் இனப்பெருக்கத்திலும் குறைகிறது. தாங்கிக்கொள்வதும் ஆளுக்கு ஆள் வேறு. கிளைப் பவளம் வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டரும் அதற்கு மேலும் வளரும். உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. முன்னது சீக்கிரம் உடைந்து சீக்கிரம் எழும். பின்னது தடித்த தசையோடு மெல்ல ஆறும்.

தின்கிறவர்களும் ஒரே மாதிரி இல்லை. பவளம் தின்னும் மீன்கள் உலகத்தில் சுமார் நூற்று முப்பது இனம். அதில் பாதிக்கு மேல் வண்ணத்துப்பூச்சி மீன்கள். குறடு போன்ற சிறு வாயால் கல்லைத் தொடாமல் பிராணியை மட்டும் கொத்தி எடுக்கும். பல இனங்கள் பலவகைப் பவளத்தையும் மாற்றி மாற்றிக் கொத்தும். ஒன்று மட்டும் மேசைபோல் விரியும் ஒரு கிளைப் பவளத்தைத் தவிர வேறெதையும் அநேகமாகத் தொடாது. அதற்காகச் சண்டை போடும், அது அழிந்த இடத்தில் தானும் அழியும். தடித்த உதடுள்ள ஒரு மீன் பவளத்தின் மேல் வாயை ஒட்டிவைத்துக் கோழையையும் மெல்லிய தசையையும் உறிஞ்சிவிட்டுப் போகிறது. கிளாத்தி வகையைச் சேர்ந்த விரலளவு மீன் ஒன்று கிளைப் பவளத்தையே தின்று தின்று அதன் வாடையே தன் மேனி வாடையாகிவிட, வேட்டை மீன்கள் முகர்ந்தாலும் மீன் என்று தெரியாமல் தப்பிக்கிறது. அந்த வாடைதான் அதற்குக் காவல். தின்னப்பட்டது தின்றவனைக் காப்பாற்றுகிறது. ஹிம்சை என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வாய்களையும் போட்டு மூடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம்விட என்னைத் திகைக்க வைத்தது ஹவாயில் கிரேட்டா ஏபி என்ற ஆய்வாளர் கண்டது. ஒரு தட்டைப்புழு தன் வாழ்க்கையில் ஒரு கட்டத்தைப் பவளப் பிராணிக்குள்ளும் அடுத்ததை மீனின் குடலிலும் கழிக்கிறது. புழு புகுந்த பவளப் பிராணி வீங்கி, இளஞ்சிவப்பாகி, கல்லுக்குள் ஒடுங்க முடியாமல் வெளியே துருத்தி நிற்கும். வண்ணத்துப்பூச்சி மீன் அதைத்தான் தேடிக் கொத்துகிறது. புழு போகவேண்டிய இடத்துக்குப் போய்விடும். கொத்துப்பட்ட இடத்தில் நோயில்லாத புதுப் பிராணி முளைக்கும். கொன்றவர் யார் இப்போது? மீனா, மீனுக்குச் சிவப்பைக் காட்டிய புழுவா? செத்ததால் மிச்சக் குடியிருப்புக்கு நல்லதுதான் நடந்தது. மீனுக்கோ ஒரு வாய் தீனி, கூடவே வயிற்றில் புழு. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "இது விதிப் பயன்" என்று சுருக்கமாக முடித்துவிட்டார். எனக்கு அந்தப் பதில் போதாது. பவளமும் அப்பாவி இல்லையே. பக்கத்தில் வேறு பவளம் நெருங்கினால் தன் வயிற்று இழைகளையே வெளியே நீட்டி அதை உயிரோடு செரித்துவிடும்.

மீனுக்குப் பாவம் உண்டு என்று அடித்துச் சொன்னவர்கள் சமணர்கள். ஒரு கதை. பெருங்கடலில் ஒரு மகாமச்சம், அதன் காதுக்குள் அரிசியளவு மீன் ஒன்று. சில கதைகளில் காதுக்குப் பதில் இமை. மகாமச்சம் வாயைத் திறந்தபடி கிடக்க, ஆயிரம் மீன் உள்ளே போகும், கொஞ்சம் வெளியே வரும். சின்னது அதைப் பார்த்துப் பார்த்து, எனக்கு இந்த உடம்பு இருந்தால் ஒன்றைக்கூட விடமாட்டேனே என்று ஏங்கும். அது ஒரு மீனையும் தின்றதில்லை. செத்ததும் ஏழாம் நரகத்துக்குப் போனது. எண்ணத்துக்கே தண்டனை.

வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர் எதிர்: மீன் செய்வதெல்லாம் உள்ளுணர்வு, அதற்கு யோசனை கிடையாது. அது ரொம்ப வசதியான பதில். இத்தனை இனமும் இதைத் தின்று அதை விடுவதைப் படித்தபின், தேர்வு என்று ஒன்று அங்கே இருப்பதை மறுக்க முடியவில்லை. ஆனால் தேர்ந்தெடுப்பதும் ஏங்குவதும் ஒன்றாகுமா? பிடித்த பவளம் இல்லாமல் பட்டினியில் சாகும் மீனிடம் அந்த அரிசி மீனின் பேராசை எங்கே இருக்கிறது? கதை மீனைப் பற்றியதே இல்லை, கரையில் நின்று கேட்கிறவனைப் பற்றியது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கரைக்காரர்களுக்கும் இன்றைக்கு அது பொருந்துகிறதா என்பதில் எனக்குச் சந்தேகம். மன்னார் வளைகுடாவில் பவளம் செத்த கணக்கைப் பாருங்கள். முதலில் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் முருகைக்கல்லை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள்; பவளத்தை 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தபிறகும் நிற்கக் கொஞ்ச காலம் ஆனது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. அதற்குப் பிறகு சூடு. தண்ணீர் சூடேறினால் பவளம் உள்ளே இருக்கும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் பட்டினி கிடக்கும். 2010-இல் அப்படி நடந்தது. 2016 கோடையில் நடந்தபோது அங்கிருந்த பவளத்தில் கணிசமான பங்கு செத்தது. கிளைப் பவளம்தான் அதிகம், மீன்கள் ஆசையாகத் தின்பதும் அதைத்தான். இந்தச் சாவில் எந்த வாயும் படவில்லை. யாரும் பசித்து இதைச் செய்யவில்லை, யாரும் ஏங்கவும் இல்லை. அரிசி மீனை நரகத்துக்கு அனுப்பிய சட்டப்படி நாம் எல்லோரும் விடுதலை.

அங்கேதான் உமாசுவாதி தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்குத் தந்த இலக்கணம் எனக்கு உதவுகிறது. கொலை செய்ய நினைப்பதை அவர் அளவுகோலாக வைக்கவில்லை; கவனமில்லாத நடத்தையால் உயிர் பிரிவதை ஹிம்சை என்கிறார். நுழைவாயில் கவனக்குறைவு. கிளிமீனை அந்த வாயிலில் நிறுத்த முடியாது. அதற்குக் கவனிக்கவேண்டியது ஒன்றும் இல்லை, தன் வாய்க்கு எட்டியதற்கு மேல் அதன் கை போவதும் இல்லை. நானும் அண்ணனும் நிற்கிறோம். என் தட்டில் மீன், அவர் தட்டில் கீரை. அவர் தோட்டத்து மோட்டாருக்கும் என் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் கரண்ட் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறது. சின்னமனூர் வெற்றிலைக்கு அவர் தடவுகிற சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டது, ஒரு பிராணி கட்டிய வீடு. இதைச் சொன்னதும் அண்ணனுக்குக் கோபம் வந்தது. "செத்துப்போனது விட்டுட்டுப் போன ஓடு அது. நீ எதையும் எதையும் முடிச்சுப் போடாத" என்றார். ஓட்டைப் பற்றி அவர் சொன்னது நியாயம். கரண்ட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நான் மீனை விடவில்லை. கிளிமீனை மட்டும் விட்டேன். வெளுத்துச் செத்த பவளத்தின் மேல் பாசி மூடினால் புதுப் பவளம் ஒட்ட இடமிருக்காது; அதைச் சுரண்டி இடம் விடுவது இந்த மீன்கள்தான். பெலீஸ் நாட்டில் 2009-இலேயே இவற்றைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். நம் பக்கம் அப்படி எதுவும் இல்லாததால் ஐஸ் பெட்டியில் இன்னும் வருகிறது.

போன தடவை பெட்டியில் இரண்டு கிடந்தன. மீன்காரர் என் பழைய வழக்கத்தை ஞாபகம் வைத்து ஒன்றைத் தூக்கித் தராசில் வைத்தார். வேண்டாம், சங்கரா போடுங்க என்றேன். ஏன் என்று கேட்டார். பாசி, பவளம், சூடு என்று நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார், பொறுமையான மனுஷர். புலால் மறுத்தலில் வள்ளுவர், தின்பதற்காக வாங்குகிறவன் இல்லை என்றால் விற்கிறவனும் இருக்கமாட்டான் என்று வாங்குகிறவன் மடியில் பழியைக் கட்டிய கணக்கு என் மனதில் இருந்தது, அதையும் சொன்னேன். அவர் செதில் சீவியபடியே, "நீங்க எடுக்கலைன்னா பதினோரு மணிக்கு இது குமுளி ஓட்டலுக்குப் போயிடும் டீச்சர். அங்க கிளிமீனுன்னா முழுசாப் பொரிச்சுக் குடுக்கணும்னு கேட்டு வாங்குறாங்க" என்றார். சங்கராவை நாலாக வெட்டவா, ஆறாக வெட்டவா என்று கேட்டார். ஆறு என்றேன்.